ஆறு பேரும் சரி என்றார்கள்

"முகாமை மலையில வெச்சுக்கலாமா, கடற்கரையில வெச்சுக்கலாமா?" என்று இவாசே சிஹாரு கேட்டாள்.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு பேரும் ஒன்றுபோலத் தலையை அசைத்து, "சரி" என்றார்கள்.

சிஹாரு பொறுமையாக விளக்கினாள். இது சரி என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல, இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றாள். மலை வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னாள். ஆறு கைகள் உயர்ந்தன. கடற்கரை வேண்டும் என்பவர்களைத் தூக்கச் சொன்னாள். அதே ஆறு கைகள் இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் உயரமாகவே போயின. முதல் தடவை அவள் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை எப்படியாவது ஈடுகட்டிவிட வேண்டும் என்று அவர்கள் நினைத்தது போலிருந்தது.

நண்டுக்குட்டி இளையோர் மன்றத்தின் நிர்வாகக் குழு அந்த மே மாதக் கூட்டத்தில் எடுத்த ஒரே முடிவு, முடிவை ஜூனுக்குத் தள்ளிப்போடுவது. அதற்கும் எதிர்ப்பு இல்லை.

மினாசே சின்னத் துறைமுக ஊர். அங்கே பள்ளிப் பிள்ளைகளை விடுமுறை நாட்களில் மலையேறவும், கடற்கரையில் குப்பை பொறுக்கவும், கோடையில் கூடாரம் அடித்துத் தங்கவும் அழைத்துப்போவது நண்டுக்குட்டி மன்றத்தின் வேலை. யாருக்கும் சம்பளம் கிடையாது. பெற்றோர்தான் வருஷத்துக்கு ஒருவராகப் பொறுப்பைச் சுமப்பார்கள். மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தன்று சிஹாருவுக்குக் காய்ச்சல். போகவில்லை. வராதவர்கள் தலையில் பொறுப்பை வைத்துவிட்டுக் கலைவது இந்த மாதிரிக் கூட்டங்களின் இயல்பு.

மறுநாள் பழைய தலைவி ஹகிவாரா போனில் பேசினாள். பின்னணியில் யாரோ அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டது. அவள் கணவனுக்கு சென்டாய்க்கு மாற்றல், அந்த வாரமே குடிபெயர்கிறார்கள். சிஹாருவை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொன்னாள். சிஹாரு மறுக்கத்தான் நினைத்தாள். பல் மருத்துவமனை வரவேற்பறையில் தனக்கு ஒழிவே இல்லை, கூட வேலை பார்ப்பவர்கள் லீவு போட்டால் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றெல்லாம் சொல்ல வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தபோதே வாய் தன்பாட்டுக்கு, "ஆகட்டும்" என்றுவிட்டது.

குழுவில் மற்றவர்கள் யார் என்று கேட்டாள்.

"அஞ்சாறு பேர் இருக்காங்க. அவங்களும் உங்களை மாதிரிதான், அன்னைக்கு வராதவங்க. எனக்கே சரியா முகம் தெரியாது. ரெண்டாவது சனிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு ஊர்க்கூடத்து மாடிக்கு வந்துடுவாங்க" என்றாள் ஹகிவாரா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வரணும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

ஆகவே ஏப்ரலில் சிஹாரு மாடியேறிப் போனபோது, மேஜையைச் சுற்றி ஆறு பேர் முதுகு நிமிர்ந்து, பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்காத குறை. குனிந்து வணங்கி, ஏப்ரலிலிருந்து இங்கே பொறுப்பு தன்னுடையது, தனக்கு ஒன்றும் தெரியாது, எல்லோரும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர், உயரத்தைக் குறைத்துக்கொள்ள விரும்புகிறவர்போல எப்போதும் கூனிக் குறுகி உட்காரும் குரோசு, மெல்லக் கேட்டார்:

"முன்னாடி இருந்தவங்க இனிமே வரமாட்டாங்களா?"

"மாற்றலாகி ஊரைவிட்டே போயிட்டாங்க."

"அப்படியா" என்றார் குரோசு. ஆறு பேரும் எழுந்து பதிலுக்குக் குனிந்தார்கள். அன்றிலிருந்து அவளை 'சென்செய்' என்றே அழைத்தார்கள்.

அது டாக்டரையும் வக்கீலையும் வாத்தியாரையும் மேலவை உறுப்பினரையும் அழைக்கிற சொல். சிஹாரு வேலை பார்த்த இடத்தில் பல் டாக்டருக்கு மட்டும்தான் அந்த மரியாதை. வேண்டாம், இவாசே சான் என்றாலே போதும் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். சரி சென்செய் என்றார்கள். மூன்றாவது தடவை அவள் சொல்லவில்லை. கேட்கக் கேட்க அது ஒன்றும் மோசமாக இல்லை.

யார் பிள்ளைகள் மன்றத்தில் இருக்கிறார்கள் என்று ஒருநாள் விசாரித்தாள். யாருக்கும் இல்லை. குரோசு படகுத்துறையில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் இருந்ததெல்லாம் பூனைகள். அத்தனையும் அக்கம்பக்கத்தார் ஊருக்குப் போகும்போது இரண்டு நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவிட்டுத் திரும்ப வாங்காதவை. மிசோகுச்சி ரொட்டிக் கடையில் வேலை செய்கிற பெண், கல்யாணம் ஆகவில்லை. நெமோதோ கொதிகலன் பழுதுபார்க்கும் இளைஞன். மற்ற மூவரும் இந்த மூவர் தலையசைத்தால் கூடவே தலையசைப்பவர்கள். சொந்தப் பிள்ளைகள் இல்லாமலே ஊர்ப் பிள்ளைகளுக்காக இப்படி மாதாமாதம் வருகிறார்களே என்று சிஹாருவுக்கு மனம் நெகிழ்ந்துபோயிற்று. அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவன் தெத்சுரோவிடம் சொன்னாள்.

"எல்லாத்துக்கும் சரிங்கறாங்கன்னா நல்லதுதானே. எங்க ஃபேக்டரியில டீ நேரத்தை மாத்தவே ரெண்டு வருஷம் ஆச்சு" என்றான் அவன்.

"நல்லதுதான். ஆனா முகாம் எங்கன்னு தெரியலையே."

அவள் நூலகத்துக்குப் போய், கூட்டங்களைத் திறம்பட நடத்துவது பற்றி ஒரு புத்தகம் எடுத்துவந்தாள். எழுதியவர் பேச்சு வளர்வதுதான் கூட்டத்தின் முதல் எதிரி என்று சொல்லியிருந்தார். ஒவ்வொரு விஷயத்துக்கும் நேரம் குறித்து, மேஜை நடுவில் மணியடிக்கும் கடிகாரம் ஒன்றை வைக்க வேண்டும் என்றார். மே மாதக் கடைசியில் தனியாக ஒரு கூட்டம் கூட்டி, சிஹாரு வீட்டுச் சமையலறையிலிருந்து முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைக் கொண்டுபோய் வைத்தாள். முதல் விஷயத்துக்குப் பத்து நிமிஷம். அவள் விஷயத்தைப் படித்தாள், ஆறு பேரும் சரி என்றார்கள், விஷயம் முடிந்தது. மீதி நேரம் முழுக்க, மணி அடிப்பதற்காக எல்லோரும் கைகட்டிக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பார்லித் தேநீரை உறிஞ்சிவிட்ட மிசோகுச்சி, சத்தம் வந்ததற்காக மன்னிப்புக் கேட்டாள். மணி அடித்ததும் அடுத்த விஷயம். அந்தக் கூட்டம் அதற்கு முந்தைய கூட்டங்களைவிட இரண்டு மடங்கு நேரம் நடந்தது.

சரி, முடிவுகளைத் தானே எடுத்துவிடலாம், வேலையை மட்டும் பிரித்துக் கொடுக்கலாம் என்று புத்தகத்தின் அடுத்த அத்தியாயத்துக்குப் போனாள். 'யாராவது செய்யுங்கள்' என்றால் யாரும் செய்ய மாட்டார்கள், பெயர் சொல்லி ஒப்படையுங்கள் என்றது அத்தியாயம். ஜூன் கூட்டத்தில் அவள் மலையடிவாரத்தில் ஆற்றங்கரை ஒன்றைத் தானே முடிவு செய்துகொண்டு வந்து, பெயர் பெயராக ஒப்படைத்தாள். பிள்ளைகள் ஆற்றில் இறங்கும்போது பார்த்துக்கொள்வது குரோசு. காட்டில் வண்டு பிடிக்க அழைத்துப்போவது மிசோகுச்சி. சாமான்கள் ஏற்றிய வேனை ஓட்டுவது நெமோதோ. மற்ற மூவருக்கும் சமையல்.

"சரி" என்றார் குரோசு. கொஞ்சம் முகம் வெளுத்தது. பிறகு மற்றவர்களும் சரி என்றார்கள்.

சிஹாரு அன்று வீட்டுக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனாள். அடுத்த வாரம் மகள் நாகிசாவை நகராட்சி நீச்சல் குளத்துக்கு அழைத்துப்போகும்வரை அந்த மகிழ்ச்சி நீடித்தது. குளத்தின் ஓரத்தில், தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் வரிசையில், ரப்பர் தொப்பி போட்டு, மிதவைப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தண்ணீரை உதைத்துக்கொண்டிருந்தவர் குரோசு.

சிஹாரு கரையில் மண்டியிட்டாள். "குரோசு சான், உங்களுக்கு நீச்சல் தெரியாதா?"

"இதுவரைக்கும் தெரியாது சென்செய்."

"அப்புறம் எதுக்கு அன்னைக்குச் சரின்னீங்க?"

குரோசு யோசித்தார். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. கேள்வியில் ஏதோ தந்திரம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்கிற மாதிரி இருந்தது அவர் முகம்.

"நீங்க கேட்டீங்களே" என்றார் கடைசியில்.

சிஹாரு வீட்டுக்கு வந்ததும் மற்றவர்களுக்குப் போன் செய்தாள். மிசோகுச்சிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு விட்டில் பூச்சியைக் கண்டால்கூட மயக்கம் வரும். இப்போது பழக்கப்படுத்திக்கொள்வதற்காகத் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வண்டை வைத்துக்கொண்டு படுக்கிறாளாம், அதனால் தூக்கம்தான் வருவதில்லையாம். நெமோதோவிடம் ஓட்டுநர் உரிமம் கிடையாது. அவன் வாழ்க்கையில் ஓட்டிய பெரிய வாகனம் சைக்கிள். கூட்டம் முடிந்த மறுநாளே ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்துவிட்டான்.

"சொல்லிக்கொடுக்கிறவர் ரொம்ப நல்லவர் சென்செய்" என்றான். "இன்னைக்கு ஒரு தடவைகூட அழலை."

இது பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றாள் சிஹாரு. வேலையை வேறு யாருக்காவது மாற்றிக் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். சரி என்றான். இல்லை, நீயே செய்ய விரும்புகிறாயா என்று கேட்டாள். அதற்கும் சரி என்றான். போனை வைத்துவிட்டு, அவன் உண்மையில் என்ன சொன்னான் என்று வெகுநேரம் உட்கார்ந்து யோசித்தாள். கடைசியில் ஆற்றுக்குச் சம்பளம் வாங்கும் பாதுகாவலர் ஒருவரையும் சொல்லிவைத்தாள். ஆனால் குரோசுவிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அவர் அந்த வாரம்தான் பலகை இல்லாமல் மிதக்க ஆரம்பித்திருந்தார்.

கோளாறு எங்கே என்று இப்போது அவளுக்குப் புரிந்தது. இவர்களுக்கு எதிர்த்துப் பேச வராது. புத்தகத்தில் அதற்கும் ஓர் அத்தியாயம் இருந்தது. மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வொருவரும் ஓர் ஆட்சேபமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

ஜூலைக் கூட்டத்தில் அந்த விதியைச் செய்தாள். விதியை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்கள். நெமோதோவிடமிருந்து ஆரம்பித்தது.

"இந்த மேஜை கொஞ்சம் உயரம்" என்றான் நெமோதோ. அறையில் ஒரு பரபரப்பு ஓடியது. அவன் வியர்த்துப்போய், "ஆனா உயரமா இருந்தா முதுகுக்கு நல்லதுதான்" என்று முடித்தான்.

மிசோகுச்சி எழுந்து நின்றாள். முகமெல்லாம் சிவந்தது. மன்னிக்க வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். குரோசு தொண்டையைச் செருமிக்கொண்டு, "குறைன்னு எதுவும் தோணலைங்கிறதுதான் சென்செய் எனக்கு இருக்கிற குறை" என்றார். மீதி மூவரும் முன்னால் பேசியவர்களின் ஆட்சேபங்களை முழுமனதோடு ஆதரிப்பதாகச் சொன்னார்கள்.

கூட்டம் முடிந்து இறங்கும்போது, கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் தோபாஷி படிக்கட்டில் சன்னல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரிடமாவது சொல்லி ஆற வேண்டும் போலிருந்தது சிஹாருவுக்கு. எதைச் சொன்னாலும் யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறார்கள் என்று அவரிடம் புலம்பினாள்.

"அதுதானே சென்செய் அவங்க தொல்லையே" என்றார் தோபாஷி, துணியைப் பிழிந்துகொண்டே. "நீங்க விட்டுடாதீங்க. இன்னும் கொஞ்சம் கடுமையா இருந்து பாருங்க."

ஊரில் ஒருவராவது தன் கஷ்டத்தைப் புரிந்துகொண்டாரே என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த யோசனையும் பிடித்திருந்தது. இதற்கு மேல் நடந்ததற்குப் புத்தகத்தை எழுதியவர் பொறுப்பல்ல.

முகாமுக்கு முந்தைய கடைசிச் சந்திப்பை ஒரு வாரத்திலேயே கூட்டி, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னாள்:

"முகாமுக்கு ஒரு யானையை வரவழைக்கலாம்னு இருக்கேன்."

பிறகு காத்திருந்தாள். சிரிக்கட்டும், முணுமுணுக்கட்டும், பைத்தியமா என்று கேட்கட்டும். மிசோகுச்சியின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. குரோசு மேஜையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் அதைத் தூக்கிவிடுவார் போலிருந்தது. கடைசியில் நெமோதோ வாயைத் திறந்தான். எல்லோரும் அவன் பக்கம் சாய்ந்தார்கள். சிஹாருவும்தான்.

"எந்த அளவு யானை சென்செய்?" என்று கேட்டான்.

எல்லோரும் மூச்சை விட்டார்கள். குரோசு மேஜையை விட்டார்.

"பெரிசா" என்று சொல்லிவிட்டு சிஹாரு பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இதை வேடிக்கை என்று புரிந்துகொள்ளாதவர்கள் உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்தாள்.

நாலு நாள் கழித்து நெமோதோ போன் செய்தான். மாவட்டத் தலைநகரில் இருக்கிற விலங்குக் காட்சிசாலைக்கு லீவு போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதிகாரி அவன் சொன்னதை முழுக்கக் கேட்டிருக்கிறார். யானைக்கு வயதாகிவிட்டது, இடுப்பு வலி, பயணம் ஆகாது என்றிருக்கிறார். ஆனால் இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு தடவை குனிந்து வணங்கிய ஒருவனை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கும் மனமில்லை. குழந்தைகள் தடவிக்கொடுப்பதற்காக வைத்திருக்கும் இரண்டு ஆடுகளை முகாமுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார். வண்டி மினாசே பக்கம் வருவது முகாமுக்குப் பத்து நாள் முன்னதாகத்தான் என்பதால் அதுவரை யாராவது வைத்துக்கொள்ள வேண்டும்.

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன் சென்செய்."

"ஆட்டை எங்க வெச்சுக்கறது?"

"குரோசு சானைக் கேட்டேன்."

அவர் என்ன சொன்னார் என்று சிஹாரு கேட்கவில்லை.

அந்தப் பத்து நாட்களில் ஆடுகள் குரோசுவின் தோட்டத்தையும், கொடியில் காய்ந்த துணிகளையும், வீட்டு வாசலில் இருந்த பாயையும் தின்றன. பூனைகள் கூரைக்குக் குடிபோயின. தினம் சாயங்காலம் நலம் விசாரிக்கப் போன சிஹாரு, ஒவ்வொரு தடவையும் தோட்டம் இன்னும் கொஞ்சம் வெட்டவெளியாகி இருப்பதைப் பார்த்துத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள். குரோசு பதறிப்போய் அவளைவிடத் தாழக் குனிந்தார். ஆடுகள் நல்ல சாது என்றார். அவர் போட்டிருந்த சட்டையின் ஒரு கை முழங்கைவரைதான் இருந்தது.

ஆகஸ்டில் முகாம் வந்தது. பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, சன்னல் கண்ணாடியை இறக்காமலே தலையை ஆட்டி வணங்கிக்கொண்டு வேகமாகக் காரைத் திருப்பினார்கள். ஒரு நிமிஷம் நின்றாலும் ஏதாவது வேலை கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். சிஹாருவுக்கு அது புரிந்தது. போன வருஷம் அவளும் அப்படித்தான் திருப்பினாள்.

நெமோதோ முந்தின வாரம்தான் உரிமம் வாங்கியிருந்தான். வேனை அவன் ஓட்டிவந்த வேகத்தில் ஒரு தபால்காரர் சைக்கிளில் முந்திப் போனார். பின்னால் ஊர்வலம்போலக் கார்கள் வந்தன. ஆனால் முட்டை ஒன்றுகூட உடையவில்லை. காட்டில் ஒரு பெரிய கொம்பு வண்டு பறந்துவந்து மிசோகுச்சியின் கையில் உட்கார்ந்தது. அவளால் அலறக்கூட முடியவில்லை. கல்லாய்ச் சமைந்து நின்றாள். வண்டு பயப்படாமல் முழங்கைவரை நடந்தது. பிள்ளைகள் அப்படியொரு தைரியசாலியை அதுவரை பார்த்ததில்லை. அன்று பூராவும் அவள் பின்னாலேயே சுற்றினார்கள். சாயங்காலத்துக்குள் அவளே ஒரு வண்டைத் தானாகத் தொட்டுவிட்டாள்.

மத்தியானம் பிள்ளைகள் எல்லோரும் கரையேறி, பாதுகாவலர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், இரண்டு ஆடுகளில் ஒன்று பாறையிலிருந்து வழுக்கி ஆற்றில் விழுந்தது. ஆழம் அதிகமில்லை, ஆனால் இழுப்பு இருந்தது. சிஹாரு திரும்பிப் பார்ப்பதற்குள் குரோசு ரப்பர் தொப்பியோடு தண்ணீரில் இருந்தார். அந்த நீச்சலைப் பார்த்தவர்கள் அவர் மூழ்கிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். ஆனாலும் போய்ச் சேர்ந்தார். ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் கரையிலிருந்து கத்தக் கத்த, எதிர்க்கரை மணலில் போய் ஒதுங்கினார்.

சிஹாரு துண்டை எடுத்துக்கொண்டு பாலத்தைச் சுற்றி ஓடினாள். அவர் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். ஆடு பக்கத்தில் நின்று அவர் தொப்பியை மென்றுகொண்டிருந்தது.

"நான் இதுவரைக்கும் யாரையும் காப்பாத்தினதில்லை சென்செய்" என்றார் குரோசு. அவர் அழுகிறாரா, ஆற்றுத் தண்ணீரா என்று தெரியவில்லை.

சிஹாருவுக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதர்களை வம்புக்கு இழுக்க யானையைத் தேடினோமே என்று நினைத்தாள். முகாம் நன்றாகவே முடிந்தது. இப்படி ஒரு முகாம் நடந்ததே இல்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். ஆனால் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தன் வாயிலிருந்து எது வந்தாலும் அது நடந்துவிடுகிறது. இப்போதெல்லாம் குழுவினர் எதிரில் மழை வந்தால் தேவலை என்று சொல்லக்கூட அவளுக்குத் துணிச்சல் இல்லை. பொறுப்பை விட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

"அந்தக் குரோசு சான்கிட்டயே கொடுத்துடு" என்றான் தெத்சுரோ. "சரின்னுதான் சொல்லப்போறார்."

"அதனாலதான் கேக்கவே பயமா இருக்கு."

பயம் ஒரு பக்கம், வேறு வழியில்லை என்பது ஒரு பக்கம். பொதுக்கூட்டத்துக்கு மறுபடி யாரோ வராமல் இருந்து, யார் தலையிலோ அது விழுவதைவிட, பிள்ளைகள் இவ்வளவு விரும்புகிற ஒரு மனிதரிடம் கொடுப்பது நியாயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவருடைய தலையசைப்பைத் தான் உபயோகப்படுத்திக்கொள்ளப் போகிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஹகிவாரா தன்னிடம் போனில் செய்தது இதைத்தான்.

செப்டம்பர் கூட்டத்தில் முகாமைப் பற்றிப் பேசி முடித்ததும், எல்லோருக்கும் நன்றி சொன்னாள். இதற்கு மேல் இந்தப் பொறுப்பு தன்னால் ஆகாது என்றாள். ஆறு பேரும் கவலையோடு அவளைப் பார்த்தார்கள். அவள் குரோசுவின் பக்கம் திரும்பினாள்.

"குரோசு சான், இனிமே இந்தக் குழுவை நீங்களே எடுத்து நடத்தறீங்களா?"

குரோசு மேஜை விளிம்பைப் பிடித்தார். மெல்ல எழுந்தார். இத்தனை மாதங்களில் முதல் தடவையாக முழு உயரத்துக்கும் நிமிர்ந்து நின்றார். அவ்வளவு உயரமானவர் என்று சிஹாருவுக்கு அதுவரை தெரியாது. மிசோகுச்சி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முடியாது" என்றார் குரோசு.

நெமோதோ நாற்காலி கவிழ எழுந்து கைதட்டினான். மற்றவர்களும் எழுந்தார்கள். எல்லோரும் தட்டினார்கள். மிசோகுச்சி விசும்பி விசும்பி அழுதாள். மீதி மூவரும் குரோசுவின் கையைப் பிடித்து மாறி மாறிக் குலுக்கினார்கள். குரோசு, தான் சொன்னது சரிதானா என்று பார்க்கிறவர்போல, இன்னொரு தடவை மெதுவாக, "முடியாது" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு சிஹாருவின் பக்கம் திரும்பி, நெற்றி மேஜையில் படும்படி குனிந்து வணங்கினார். ஒரு மனிதர் தனக்கு உதவ மறுத்ததற்காக இவ்வளவு கொண்டாட்டம் எதற்கு என்று புரியாமல் சிஹாரு நடுவில் நின்றாள்.

சத்தம் கேட்டு மாடியேறி வந்த தோபாஷி கதவருகிலேயே நின்று, ஒருவரிடம் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தொப்பியைக் கழற்றினார்.

"இங்க பாடம் எடுத்த பழைய சென்செய் மூணு வருஷம் பாடுபட்டும் நடக்கலை" என்றார் சிஹாருவிடம். "நீங்க ஆறே மாசத்துல, 'முடியாது'ன்னு சொல்லப் பழகிக்கிற இந்த வகுப்புல ஒருத்தரைத் தேற வெச்சுட்டீங்களே."